அடையாற்றங்கரைச் சான்றுகள்

சென்னை மாநகரின் தென்பகுதியில் ஓடிக் கடலோடு கலக்கும் ஆறு அடையாறு. அதன் பாலத்தின்மீது நாள்தோறும் பல்லாயிரவர் வருகின்றனர், செல்கின்றனர். 1746 ஆம் ஆண்டில் அவ்வாற்றங்கரையில் ஒரு பெரும்போர் நிகழ்ந்தது என்பதை அவர்களுள் மிகச் சிலரே அறிவர்.

பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைக் கைப்பற்றியிருந்த காலம் அது. ஆர்க்காட்டு நவாபு அன்வருத்தீன் கான் தம் மைந்தர் மாபூஸ் கானின் தலைமையில் ஒரு பெரும்படையை அனுப்பினார். புதுச்சேரியிலிருந்து சிறுபடையுடன் வந்த பாரடிஸ் என்னும் தளபதி, ஆற்றைக் கடந்து அப்படையைச் சிதறடித்தார். இச்செய்தியை இன்று எவ்வாறு அறிகிறோம்? கண்டவர் ஒருவரும் இன்று இல்லை. எஞ்சியிருப்பவை சான்றுகளே.

அச்சான்றுகள் ஒரே குரலில் பேசுவதில்லை. போர் அக்டோபர் 24 ஆம் நாள் நிகழ்ந்தது என்று சில நூல்கள் கூறுகின்றன. நவம்பர் 4 என்று வேறு சில கூறுகின்றன. இவற்றுள் எது பொய்? இரண்டும் மெய்யே. அக்காலத்தில் ஆங்கிலேயர் பழைய நாட்காட்டியையும், பிரெஞ்சுக்காரர் திருத்திய நாட்காட்டியையும் பின்பற்றினர். இரண்டிற்கும் இடையே 11 நாள் வேறுபாடு இருந்தது. 1752 ஆம் ஆண்டில்தான் ஆங்கிலேயர் புதிய முறைக்கு மாறினர். எழுதியவர் யார், அவர் எந்த வழக்கத்தைக் கைக்கொண்டவர் என்று வினவிய பின்னரே இம்முரண் தீர்ந்தது.

நவாபின் படை ஏறத்தாழ 10,000 பேர் என்றும், பிரெஞ்சுப் படை 1,000 பேருக்கு மேற்படாது என்றும் நூல்கள் உரைக்கின்றன. பகைவர் தொகையைப் பெருக்கிக் கூறினால் வென்றவரின் புகழும் பெருகும் அன்றோ? ஆதலின், வரலாற்றாசிரியர் இத்தகைய எண்களை அப்படியே ஏற்பதில்லை. எண்ணிச் சொன்னவர் எப்பக்கத்தவர் என்பதை முதலில் ஆராய்வார்.

அக்காலத்தில் புதுச்சேரியில் வாழ்ந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. பிற்காலத்தில் அவர் ஆளுநர் டூப்ளேயின் தலைமைத் துபாசியாக விளங்கினார். 1736 முதல் 1761 வரை தமிழில் அவர் எழுதிய நாட்குறிப்பு பெருஞ்செல்வமாகும். வணிகமும் வழக்கும், ஊர்ப்பேச்சும் அரசியல் சூழ்ச்சியும் அதில் இடம்பெற்றுள்ளன. எனினும், அடையாற்றுப் போரின்போது அவர் புதுச்சேரியில் இருந்தார். போரைப் பற்றி அவர் எழுதியது கேட்டது, கண்டதன்று. புதுச்சேரியின் நிலையை அறிய அவர் நேர்ச்சான்று. போர்க்களத்தை அறிய அவர் செவிவழிச் சான்று. ஒரே நூலுக்கு இருவேறு மதிப்பு உண்டு என்பதை இதனால் உணரலாம்.

எழுத்தே தோன்றாத காலத்தை அறிவது எங்ஙனம்? அங்கே மண்ணும் கல்லும் துணைபுரிகின்றன. அடையாற்றுக்குத் தென்மேற்கே சில மைல் தொலைவில் உள்ளது பல்லாவரம். 1863 ஆம் ஆண்டு மே 30 ஆம் நாள், இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியல் அறிஞர் அங்கே ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். மனிதன் செதுக்கிய கல் அது. எந்த ஏடும் கூறாத பழங்கற்கால வாழ்வை அக்கல் கூறிற்று. ஆயினும், அதைச் செதுக்கியவனின் பெயரையோ அவன் பேசிய மொழியையோ அது கூறவில்லை. எழுத்தும் ஓரளவே பேசும். கல்லும் ஓரளவே பேசும்.

இரண்டும் இணையும்போது உண்மை தெளிவு பெறுகிறது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945 ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். காலம் தெரிந்த இத்தாலிய மட்கலங்களின் துண்டுகள் அங்கே கிடைத்தன. அவற்றோடு ஒரே மண்ணடுக்கில் கிடந்த உள்நாட்டு மட்கலங்களின் காலத்தையும் அவற்றைக் கொண்டு கணிக்க முடிந்தது. பழைய கிரேக்கக் கடற்பயணக் குறிப்பில் வரும் ‘பொதுகே’ என்னும் துறைமுகம் இவ்விடமே என்பது அறிஞர் பலரின் கருத்து. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அங்கே மீண்டும் ஆராய்ந்தார். வீலர் கருதியதைவிட அவ்வூர் பழைமையானது என்று அவர் காட்டினார். புதிய சான்று வந்தால் பழைய முடிவைத் திருத்திக்கொள்வது வரலாற்றுக்கு இழுக்கன்று. அதுவே அதன் பெருமை.

கல்வெட்டு ஒன்றே உண்மை என்பாரும் உளர்; முன்னோர் நூலே போதும் என்பாரும் உளர். இருவர் கூற்றும் பொருந்தாது. மன்னனின் வெற்றியைப் பாடும் மெய்க்கீர்த்தி அவன் தோல்வியைப் பாடுவதில்லை. மண்ணில் கிடைக்கும் பானை ஓடு தானாகப் பேசுவதும் இல்லை. ஒரு சான்றை மற்றொரு சான்றோடு ஒப்பிட்டு நோக்குவதே நேர்மையான வழி. நம் நாட்டின் பெருமைக்கு ஏற்றது என்பதற்காக ஒரு செய்தியை ஏற்பதும், ஏலாதது என்பதற்காக மறுப்பதும் அறிவுடைமை ஆகா.

சான்றுகள் அழிந்தால் ஒப்பிடுவதற்கும் இடமில்லை. கோயிற் சுவரின் கல்வெட்டைச் சுண்ணாம்பு மூடுகிறது. வீட்டுப் பரணில் கிடக்கும் ஓலையைச் செல் அரிக்கிறது. புதையல் தேடுவோன் மண்ணைக் கிளறிப் பானையை எடுத்துச் செல்கிறான். எந்த அடுக்கில், எந்தப் பொருளோடு அது கிடந்தது என்னும் செய்தி அன்றே மறைகிறது. அழிந்த கட்டடத்தை மீண்டும் கட்டலாம். கலைந்த மண்ணடுக்கை மீண்டும் அடுக்க இயலாது.

இவ்வுண்மையை உணர்ந்தோர் அடையாற்றில் முன்னரே இருந்தனர். 1886 ஆம் ஆண்டில் கர்னல் ஆல்காட் அங்கே நிறுவிய நூலகம் ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிகளைக் காத்து வருகிறது. பெரிய நூலகம் அமைப்பது எல்லார்க்கும் இயலாது. ஆனால், தம் ஊர்க் கல்வெட்டின்மீது சுண்ணாம்பு படாமல் காப்பதும், மண்ணில் ஒரு பழம்பொருள் தோன்றினால் அதனை அசைக்காமல் உரியவர்க்கு அறிவிப்பதும் ஒவ்வொரு மாணவர்க்கும் இயலும். “இதற்குச் சான்று என்ன?” என்று வினவும் மாணவர் வரலாற்றைக் கற்கிறார்; அச்சான்றைக் காக்கும் மாணவர், இனி வருவோரும் வரலாற்றைக் கற்க வழிசெய்கிறார்.