எவ்வளவு சம்பளம்னு கேட்காதீங்க, எதுவரைக்கும்னு கேளுங்க

1/ என்பிஏ பார்க்கிற நண்பர்களே, உங்க டீம் தோத்துக்கிட்டே இருந்தா உடனே "காசைக் கொட்டி ஒரு ஸ்டாரைப் பிடிங்கப்பா"ன்னு கத்தத் தோணும். ஒரு டாக்டரா எனக்கு வேற கேள்விதான் முதல்ல வரும். மருந்துச் சீட்டுல எத்தனை மில்லிகிராம்னு மட்டும் எழுதினா போதுமா? எத்தனை நாளைக்குன்னும் எழுதணும் இல்லையா?

2/ என்பிஏவில் ஒவ்வொரு அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. பெரும்பாலான ஒப்பந்தங்கள் உத்தரவாதமானவை. வீரர் அடிபட்டாலும் ஃபார்ம் போனாலும் கடைசி வருஷம் வரைக்கும் சம்பளம் கணக்கில் நிற்கும். அதனால தொகையைவிட ஆபத்தானது வருஷம்.

3/ அவசரப்பட்டா என்ன ஆகும்? 2013இல் புரூக்ளின் நெட்ஸ் 37 வயது கெவின் கார்னெட்டையும் 35 வயது பால் பியர்ஸையும் வாங்கியது. பதிலுக்கு பாஸ்டனுக்குப் போனது மூன்று முதல் சுற்றுத் தேர்வு உரிமைகள், 2017இல் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமை வேற. புரூக்ளினுக்குக் கிடைச்சது ஒரே ஒரு பிளேஆஃப் தொடர் வெற்றி. பாஸ்டனுக்குக் கிடைச்சது ஜேலன் பிரவுன், ஜேசன் டேட்டம். 2024 கோப்பை யாருக்குப் போச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

4/ இப்போ ஓக்லஹோமா சிட்டி தண்டரைப் பாருங்க. 2019இல் பால் ஜார்ஜை கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டரையும் ஐந்து முதல் சுற்று உரிமைகளையும் வாங்கினாங்க. அதில் ஒண்ணுதான் 2022இல் ஜேலன் வில்லியம்ஸ் ஆச்சு.

5/ சம்பளக் கணக்கில் இடம் இருந்ததால, மத்த அணிகள் சுமக்க முடியாத ஒப்பந்தங்களையும் வாங்கிக்கிட்டாங்க. சும்மா இல்ல, கூலியா தேர்வு உரிமையோட. 2020 கடைசியில் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து ஆல் ஹார்ஃபோர்ட் அப்படித்தான் வந்தார்.

6/ இதுக்கு விலை இல்லையான்னு கேட்டா, இருக்கு. 22-50, அடுத்த சீசன் 24-58. டிக்கெட் வாங்கின ரசிகன் சும்மா தோல்வியைப் பார்த்தான். நல்ல உடல்நிலையில் இருந்த ஹார்ஃபோர்டை 28 ஆட்டத்தோட உட்கார வெச்சாங்க. அடுத்த வருஷமே அவர் பாஸ்டனுக்காக இறுதித் தொடர் ஆடினார்! ஆட முடிஞ்சவரை உட்கார வைக்கிறது எனக்குப் பிடிக்கல. அதை நியாயப்படுத்தவும் மாட்டேன்.

7/ ஆனா இதே பொறுமை இன்னொரு பையனைக் காப்பாத்துச்சு. 2022 ஆகஸ்டில் செட் ஹோல்ம்கிரெனுக்கு வலது பாதத்தில் லிஸ்ஃப்ராங்க் காயம். நடுப்பாத எலும்புகளை இணைக்கிற இடம் அது, அவசரப்பட்டா வாழ்நாள் வலி. அந்த சீசன் முழுக்க ஓய்வு. அடுத்த சீசன் 82 ஆட்டமும் ஆடினார். இந்த வருஷமே ஜெயிக்கணும்னு மாட்டிக்கிட்ட அணி ஆறின கால் முழுசா ஆறும்வரை காத்திருக்குமா? நீங்களே சொல்லுங்க.

8/ 2024இல் ஐசையா ஹார்ட்டென்ஸ்டைனுக்கு மூன்று வருஷத்துக்கு 8.7 கோடி டாலர். பெரிய தொகைதான். ஆனா மூன்றாவது வருஷம் அணியின் விருப்பம். அது 2026-27 சீசன், செட், ஜேலன் ரெண்டு பேரோட பெரிய சம்பளமும் ஆரம்பிக்கிற அதே வருஷம். சீட்டுல நாள் எழுதறதுன்னா இதுதான். 2025இல் கோப்பையும் வந்துச்சு.

9/ காலி இடம் மட்டும் கோப்பை வாங்கித் தராது, ஷே மாதிரி ஒருத்தர் அமையணும். ஆனா அமையும்போது கை கட்டியிருக்கக் கூடாது. அடுத்த தடவை உங்க டீம் யாரையாவது ஒப்பந்தம் பண்ணா, தொகையைப் பார்த்து வாயைப் பிளக்கிறதுக்கு முன்னாடி கடைசி வருஷத்தைப் பாருங்க.