மணிமங்கலத்துப் போரும் நம் இளையோரும்

தாம்பரத்தினின்று முடிச்சூர்ச் சாலை வழியே மேற்கே சென்றால் மணிமங்கலம். 2015ஆம் ஆண்டு வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கியபோது அவ்வூர் ஏரியின் பெயர் பலர் வாயில் அடிபட்டது. மற்றைய நாளில் அவ்வூரை நினைப்பார் யார்? வாதாபிச் சளுக்கியன் இரண்டாம் புலிகேசியை நரசிம்மவர்மப் பல்லவன் புறங்காட்டச் செய்த களங்களுள் ஒன்று அது. கூரம் செப்பேடு அக்களத்தைப் பெயர் சுட்டிக் கூறுகின்றது. தோற்றோடியவன் முதுகையே ஏடாகக் கொண்டு வெற்றி என்னும் சொல்லைப் பல்லவன் பொறித்தான் என்றும் செருக்கோடு செப்புகின்றது.

இச்செய்தி நம் இளையோர் நெஞ்சில் ஓரளவேனும் நிற்கின்றதெனின், அது பாடநூலால் அன்று. கல்கி எழுதிய 'சிவகாமியின் சபதம்' என்னும் புதினத்தால். பெரியவர்க்கென எழுதப்பட்ட அதனைப் பன்னிரண்டு அகவையிலேயே படித்து முடித்தவர் நம்மிற் பலர். 1944 முதல் 1946 வரை அது கிழமைதோறும் வெளிவந்தது. 1942இல் சப்பானியர் வருவர் என்று அஞ்சிச் சென்னை மக்கள் திரள்திரளாக ஊரைவிட்டு ஓடியிருந்தனர். 1943இல் குண்டும் விழுந்தது. காஞ்சி முற்றுகையைப் படித்த அன்றைய மக்களுக்கு அது வெறுங்கதையாக இருந்திராது.

அவர் நடை வடசொற்களால் கறைபட்டது என்பதில் நமக்கு ஐயமில்லை. நூற்பெயரிலேயே 'சபதம்'! தன்னை இளையனென்று எள்ளிய பகைவர்முன் நெடுஞ்செழியன் கூறிய வஞ்சினம் புறநானூற்றில் இருக்க, அச்சொல் அவருக்கு ஏன் வாய்க்கவில்லை? ஆயினும் பல்லவர் காலத்தைப் படிப்பறிவு குறைந்தோர் திண்ணைவரை கொண்டு சேர்த்தவர் அவரே. அதனை மறைப்பது நேர்மையன்று.

நம் குறை வேறு. நரசிம்மன் வென்றதாகச் செப்பேடு கூறும் மணிமங்கலப் போரை, அவன் தந்தை மகேந்திரன் ஆட்சியிலேயே நிகழ்த்திவிடுகின்றார் கதையாசிரியர். புனைவோர்க்கு அவ்வுரிமை உண்டு. ஆனால் செப்பேடு எங்கே முடிகின்றது, புனைவு எங்கே தொடங்குகின்றது என்று படிக்கும் சிறுவனுக்குச் சொல்வார் இல்லை. அவன் புனைவையே வரலாறென்று கொண்டு வளர்கின்றான்.

இன்னொன்று. ஏறத்தாழக் கி.பி. 642இல் வாதாபி வீழ்ந்தது. அப்படையெடுப்பில் முன்னின்ற பரஞ்சோதியார் பின்னர்ப் போர்த்தொழிலினின்று விடுபட்டுச் சிறுத்தொண்டரானார். அவர் வரலாற்றைப் பாடிய சேக்கிழார் பிறந்த குன்றத்தூரோ, மறைமலையடிகள் வாழ்ந்த பல்லாவரத்துக்கு அண்மையிலேயே உள்ளது. ஓர் அடியாரைப் போர்முனைக்கு ஏவினோமே என்று பல்லவ மன்னன் வருந்திப் பொறுத்தருள வேண்டியதாகச் சேக்கிழார் பாடுகின்றார். கல்கியும் பரஞ்சோதியை வாளைக் கீழே வைக்கச் செய்தார். அவ்விடத்தை நம் இளைஞர் விரைந்து புரட்டிவிடுகின்றனர். பன்றிக்கொடி வீழ்ந்தது என்பதே அவர்க்கு இனிக்கின்றது. வாதாபியில் எரிந்ததும் எளியோர் வீடுதான். அவர் பேசிய கன்னடமும் நம் தமிழோடு உடன்பிறந்த மொழியே.

தாம்பரம், பல்லாவரம், குன்றத்தூர்ப் பகுதிகளில் வாழும் எழுத்தாளர்க்கு ஒரு வேண்டுகோள். நூறு பக்கத்தில், நல்ல தமிழில், சிறுவர்க்கென மணிமங்கலப் போரை எழுதுங்கள். அரசர் காதல் வேண்டா. குதிரைக் குளம்பொலி கேட்டு ஏரிக்கரையினின்று மாடுகளை ஓட்டிக்கொண்டு ஓடும் சிறுமி ஒருத்தி வரட்டும். வாதாபித் தெருவில் அவ்வாறே ஓடும் சிறுமியும் அந்நூலிலேயே வரட்டும். செப்பேட்டுச் செய்தி இன்னதென நூலின் இறுதியில் தனியே குறியுங்கள். கையெழுத்துப்படி வந்து சேருமாயின் இவ்விதழில் தொடராக வெளியிட அணியமாயுள்ளோம்.