திருவிழாவும் அரைப்பேரும்

அண்மையில் வழவழப்பான தாளில் அச்சிட்ட பயணக் கைந்நூலொன்று எமது கைக்கு வந்தது. எந்த மாதத்தில் எந்த நகருக்குச் செல்லவேண்டும், அங்கே அப்பொழுது என்ன விழா நடைபெறும், அறையையும் ஆசனத்தையும் எத்தனை நாட்களுக்கு முன்பே பதிவுசெய்து கொள்ளவேண்டும் என்பவற்றையெல்லாம் அது வரிசைப்படுத்திச் சொல்கிறது. பெப்ரவரியில் கொழும்பும் நவம் பெரஹராவும். யூலை, ஆகஸ்டில் கண்டியும் எசல பெரஹராவும். அதையொட்டி வடக்கே நல்லூர்த் திருவிழா. நகரத்தைக் காண விரும்புவோர் அதன் திருநாளிற் சென்று காணவேண்டும் என்பது அந்நூல் போதிக்கும் பாடம்.

பாடம் பிழையானதன்று. மற்றைய நாட்களில் கடையும் கந்தோருமாய் நிற்கும் நகரம் திருநாளிலேதான் தன் மக்களையும் அவர்தம் கலைகளையும் ஒருங்கே தெருவுக்குக் கொண்டுவருகிறது. பத்து நூல்கள் சொல்லாத வரலாற்றை ஓர் இரவுப் பவனி சொல்லிவிடும். இவற்றை நாம் மறுக்கவில்லை. நாம் கேட்பது ஒரேயொரு கேள்வி: திட்டமிடுங்கள் என்று சொல்லும்பொழுது, தம் நாட்களைத் தாமே திட்டமிடும் உரிமை பெற்றோர் இந்நாட்டில் எத்தனை பேர் என்பதை இவர்கள் எண்ணிப்பார்த்ததுண்டா?

யட்டவத்தயிலிருந்து இக்கேள்வியை எழுப்புகிறோம். கண்டி எமக்குத் தூரதேசமன்று. யட்டவத்தயில் பஸ் ஏறி மாத்தளைக்கு வந்தால், அங்கிருந்து கண்டி ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீற்றர். 1880ஆம் ஆண்டிலேயே மாத்தளைக்கு இருப்புப்பாதை வந்துவிட்டது. அவ்வாறிருந்தும், பத்தாம் வகுப்பில் எசல பெரஹராவை நேரிற் கண்டவர் யாரென நாம் கேட்டபொழுது நான்கு கைகளே உயர்ந்தன. தொலைக்காட்சியிற் கண்டோமென எல்லோரும் சொன்னார்கள். யானைகளின் வரிசையும் சாட்டையடிப்போரின் ஒலியும் பந்தங்களின் வெளிச்சமும் அவர்களுக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் நடக்கும் காரியங்கள்.

ஆதலால் ஒரு கல்விச் சுற்றுலாவுக்குத் திட்டமிட்டோம். காகிதத்தில் அது எளிதாக இருந்தது. பின்னர்தான் சிக்கல்கள் ஒவ்வொன்றாய்த் தலைகாட்டின. பெரஹரா இரவில் நடப்பது. முடிந்தபின் யட்டவத்தைக்குத் திரும்பப் பஸ் கிடையாது. இரவு தங்கலாமென்றால், விழா நாட்களில் கண்டியின் அறைவாடகை ஆசிரியனின் சம்பளத்துக்கே அடங்காது. பவனி செல்லும் தெருக்களின் இருமருங்கிலும் நாற்காலிகள் போட்டு விற்கிறார்கள். அந்த விலையில் தோட்டக் குடும்பமொன்று பல நாட்கள் அடுப்பெரிக்கலாம். எஞ்சியது நடைபாதை. அதிலே இடம்பிடிக்கக் காலையிலேயே பாய்விரித்து அமரவேண்டும்.

பிள்ளைகளுக்குத் துணையாகப் பெற்றோர் சிலரையும் அழைப்போமென எண்ணி லயங்களுக்குச் சென்றோம். பால்வெட்டு முடித்துத் திரும்பிய தாயொருவர் எம்மை உட்காரவைத்துத் தேநீர் தந்தார். நாம் சொன்னவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டபின் சொன்னார்: “புள்ளய அனுப்புறோம் சேர். நாங்களும் வரணுமுன்னா ரெண்டு நாளு பேரு போயிரும். பெரஹரா மறு வருசமும் வரும். போன பேரு வருமா?”

தோட்டத்தை அறியாத வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். ‘பேர்’ என்பது செக்றோலில் விழும் ஒருநாள் வேலைப்பதிவு. குறித்த அளவு நிறையாவிட்டால் விழுவது அரைப்பேர். அன்று பாதிச் சம்பளம். பெருந்தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகவும், 2024இல் 1350 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. 2010களின் கூட்டு ஒப்பந்தங்களிலே வரவுக் கொடுப்பனவு என்றொன்று இருந்தது. வேலை கொடுக்கப்பட்ட நாட்களில் 75 வீதம் வந்தவர்க்கே அது உரியது. ஒருநாள் விழாவுக்குப் போனவர் அந்நாளின் கூலியோடு மாதக் கொடுப்பனவையும் இழக்க நேரிடலாம். தமது சொந்தத் திருநாளுக்குங்கூட அவர்கள் கடன்படவேண்டும். தீபாவளி முற்பணமென வழங்கப்படுவது பின்னர் மாதாமாதம் சம்பளத்தில் வெட்டப்படுகிறது. பலகாரத்தின் இனிப்பு நாவைவிட்டு நீங்கிப் பல மாதம் சென்றபின்னும் அதன் கடன் சம்பளத் துண்டில் நிற்கிறது. இத்தகையோரிடம் சென்று, பயணத்தை முன்கூட்டியே திட்டமிடுங்கள் என்பது பரிகாசமன்றி வேறென்ன?

விழாக்காலம் தெய்வத்தாலும் சோதிடத்தாலும் நியமிக்கப்பட்டது, அதற்கேற்பத்தான் எல்லோரும் நடக்கவேண்டும் எனச் சிலர் சொல்லக்கூடும். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் கண்டிக்கு வந்தார். எசல மாதம் கடந்து நெடுநாளாகியும் அவர் காண யானைகள் அணிவகுத்தன. 1954 ஏப்ரலில் இரண்டாம் எலிசபெத் மகாராணி வந்தபொழுது அவருக்கென இராஜ பெரஹரா நடைபெற்றது. சாதாரண மனிதன் விழாவையொட்டித் தன் பயணத்தை அமைக்கவேண்டும். முடிசூடியோரின் பயணத்தையொட்டி விழாவே தன் நாளை அமைத்துக்கொண்டது. அரசகுமாரனுக்காக நாட்காட்டியையே வளைக்க முடிந்த நாட்டில், தொழிலாளிக்காகச் செக்றோலை ஒருநாள் வளைக்க முடியாதென்பதை நாம் எப்படி நம்புவது?

பவனியில் நடப்போரையும் எண்ணிப்பார்க்கவேண்டும். நாற்காலியில் அமர்ந்தவர் காண்பது அழகிய ஆட்டத்தை. ஆனால் முரசறைவோரும் ஆடுவோரும் பந்தம் பிடிப்போரும் வெறும் வேடிக்கை காட்ட வந்தவர்களல்லர். இராஜகாரிய முறை 1832இல் ஒழிக்கப்பட்டதெனினும் கோயில் நிலங்களில் அது முற்றாக நீங்கவில்லை. 1870ஆம் ஆண்டின் சேவைப் பராதீனச் சட்டம் அதனை ஒழுங்குபடுத்தவே செய்தது. நிலத்துக்கு ஈடாகச் சாதிக்குச் சாதி விதிக்கப்பட்ட ஊழியமே பரம்பரை பரம்பரையாக அந்தத் தெருவிலே நடந்துவந்திருக்கிறது. உழைப்பாளியின் கலையைச் செல்வர் ஆசனமிட்டுக் காண்கிறார்; மற்றோர் உழைப்பாளி அதனைக் காணக் கூலியை இழக்கிறார். இடையில் நின்று இலாபம் எடுப்பவர் ஆசனம் விற்பவர்.

உல்லாசப் பிரயாணிகள் கொண்டுவரும் அந்நியச் செலாவணி நாட்டுக்குத் தேவை என்ற வாதம் இங்கே எழும். 2022இல் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாமல் நின்ற நாடு இது. அதன் தேவையை நாமும் அறிவோம். பிரயாணிகள் வரட்டும், காணட்டும், மகிழட்டும். ஆனால் அதே நாட்டுக்குத் தேயிலையாலும் இறப்பராலும் தலைமுறை தலைமுறையாக அந்நியச் செலாவணி ஈட்டிக்கொடுத்தவர் நடைபாதையின் ஓரத்திற்கும் உரியவரல்லர் என்பது எந்தக் கணக்கு? ஆசனம் விற்காவிட்டால் விழா நின்றுவிடும் என்பாருக்கும் விடையுண்டு. கொள்ளைநோய்க் காலமாகிய 2020லும் 2021லும் பொதுமக்கள் பார்வையாளராக வராமலே பெரஹரா நடந்தேறியது. பார்வையாளரே இல்லாமல் நடக்கக்கூடிய விழா நாற்காலி வியாபாரம் இல்லாமலும் நடக்கும்.

மக்களுக்கு இத்தகையவற்றில் நாட்டமில்லை என ஆசிரியர் அறைகளிலே சிலர் பேசுவதையும் கேட்டிருக்கிறோம். அவர்கள் 2025 ஏப்ரலை நினைத்துப் பார்க்கட்டும். பதினாறு ஆண்டுகளுக்குப்பின் தலதா மாளிகையில் தந்ததாதுவைப் பொதுமக்கள் தரிசிக்க வாய்ப்பளித்தபொழுது, நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் கண்டிக்குத் திரண்டது. கைக்குழந்தையோடும் முதியோரோடும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். இறுதியில், இனிக் கண்டிக்கு வரவேண்டாமென அதிகாரிகளே வேண்டிக்கொள்ளும் நிலை ஏற்பட்டது. நாட்டமில்லாதோரா அவ்வாறு நின்றவர்கள்? மக்களின் நாட்டம் பெரிது. அதற்கு ஈடான ஏற்பாடுதான் சிறிது.

எமது மாத்தளையிலேயே வேறொரு விழா உண்டு. மாசிமகத்தையொட்டி ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களும் வீதிவலம் வருகின்றன. தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர் மன்னாரில் இறங்கி, தம்புள்ளைக் காடுகளைக் கால்நடையாய்க் கடந்து மாத்தளையை அடைந்தனர். வழியிலேயே நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். அந்தப் பாதையின் முடிவிலே நிற்கிறது இக்கோயில். 1983 யூலை வன்செயலில் பெருஞ்சேதமுற்று, மக்கள் முயற்சியால் மீண்டும் எழுந்தது. அங்கும் உபயகாரர், தர்மகர்த்தா என்ற மேல்கீழ் உண்டு. அதை நாம் மறைக்கவில்லை. எனினும் தேர்வடத்திற்கு நுழைவுச்சீட்டில்லை. கைவைத்து இழுப்பவரெல்லாம் விழாவின் பங்காளிகள். தோட்டத்து மக்கள் ஒருபேரை இழந்தும் அன்று மாத்தளைக்கு வருவதன் இரகசியம் இதுவே.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! நாம் வேண்டுவது மிகையானதன்று. தோட்டத் தொழிலாளி தான் தெரிந்துகொள்ளும் விழாநாளில் சம்பளத்தோடு கூடிய விடுமுறை பெறவேண்டும். பவனி செல்லும் தெருக்களின் நடைபாதை விற்பனைக்குரியதாகாது, பொதுமக்களுக்கென ஒதுக்கப்படவேண்டும். விழா இரவுகளில் யட்டவத்த போன்ற ஊர்களுக்குத் திரும்பிச்செல்லப் பஸ்கள் ஓடவேண்டும். இவற்றைத் தொழிற்சங்கங்களும் பிரதேச சபைகளும் கோரட்டும். கோரும்வரை நாம் அவர்களை விடாதிருப்போம்.

எம் கையிலும் வேலையுண்டு. தமிழ்ப் பாடசாலையும் சிங்களப் பாடசாலையும் சேர்ந்து ஆண்டின் தொடக்கத்திலேயே இரு பயணங்களைக் குறிக்கலாம்: மாசியில் சிங்களப் பிள்ளைகள் எம்மோடு மாத்தளைத் தேருக்கு, எசலவில் எம் பிள்ளைகள் அவர்களோடு கண்டிக்கு. செலவை மாதந்தோறும் சிறுகச் சேர்க்கலாம். பவனியின் இறுதியில் பத்தினி தேவாலயத்தின் அணி வரும்பொழுது, சிலப்பதிகாரத்துக் கண்ணகியை இங்கே சிங்கள மக்கள் தொழுவதை நம் மாணவர் கண்ணாரக் காண்பர். இன்று முதலிற் செல்லும் தந்ததாதுவின் அணி நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் காலத்திலே சேர்க்கப்பட்டதென்பதைச் சிங்கள மாணவர் எம்மோடு சேர்ந்து கற்பர். மேடைகளில் பலர் பேசும் இன ஒற்றுமைக்கு இதைவிட நல்ல பாடமுண்டோ?

அந்தத் தாயின் கேள்விக்கு அன்று எம்மிடம் விடை இருக்கவில்லை. தேநீர்க் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து வந்தோம். பிள்ளைகள் மட்டும் சென்றனர். நடைபாதையில் பாய்விரித்து அமர்ந்து நள்ளிரவுவரை கண்டனர். திரும்பிய மகள் தாய்க்கு யானைகளைப்பற்றிச் சொன்னாளாம். மகள் சொல்லத் தாய் கேட்கும் விழாவாக அது என்றும் இருத்தலாகாது. பேர் போகாமல் அத்தாயும் கண்டிக்குப் போகும் நாளை நம் நாட்காட்டியில் நாமே குறிக்கவேண்டும்.