பாதி ஃபைலும் முழு ஃபைல் மாதிரிதான் இருக்கும்

நம்ம மினி புராஜெக்ட்ல 'எக்ஸ்போர்ட்' பட்டனுக்காக யாரும் அஞ்சு நிமிஷத்துக்கு மேல யோசிக்கிறதில்ல. குவெரியை ஓட்டு, எல்லா ரோவையும் ஒரு லிஸ்ட்ல போடு, சிஎஸ்வி ஆக்கு, அனுப்பு. ரிவ்யூ அன்னைக்கு ஐம்பது ரோதான் இருக்கும், ஜம்முனு ஓடும்.

இப்போ நம்ம கோவில்பட்டி பக்கம் 50 மழைமானிகளை வச்சு, கால் மணி நேரத்துக்கு ஒரு ரீடிங் எடுக்கிறோம்னு வைங்க. பத்து வருஷத்துல 1.75 கோடி ரோ. அதை மொத்தமா லிஸ்ட்ல ஏத்துறது, கிணத்துத் தண்ணி பூராவையும் வீட்டுக்குள்ள கொட்டிட்டுத்தான் ஒரு சொம்பு குடிப்பேன்னு சொல்ற மாதிரி. வாளி வாளியா இறைக்கணும். அதுதான் ஸ்ட்ரீமிங்.

சைமன் வில்லிசன் 2017-ல் வெளியிட்ட ஓப்பன் சோர்ஸ் கருவியான டேட்டாசெட்டைப் பாருங்க. ஒரு டேபிளை சிஎஸ்வியா ஸ்ட்ரீம் பண்ணும்போது, பக்கம் பக்கமா எடுத்து அனுப்பிக்கிட்டே போகும். ஆனா வேற ஃபார்மட் சேர்க்கிற பிளக்இன் எழுதணும்னா, அதுக்கான ஹூக் ரோக்களை ஒரு லிஸ்ட்டாத்தான் தரும். கருவி இறைக்கத் தெரிஞ்சது. பிளக்இன் கையில வாளி இல்லை.

என் கருத்து இதுதான்: பிளக்இனுக்கு லிஸ்ட்டே கொடுக்காதீங்க. தொடக்கம், ஒரு ரோ, முடிவு என்று மூணு தடவை மட்டும் அதைக் கூப்பிடுங்க. சிஎஸ்விக்குத் தொடக்கத்தில் தலைப்பு வரி. ஜேசனுக்குத் தொடக்கத்தில் ஒரு அடைப்புக்குறி, நடுவுல கமா, முடிவில் இன்னொரு அடைப்புக்குறி. எக்செல் ஃபைல் உள்ளுக்குள்ள ஒரு ஜிப். அதோட உள்ளடக்கப் பட்டியலே கடைசியிலதான் எழுதப்படும். மூணுமே இந்த அச்சுக்குள் அடங்கும். பைத்தான்ல 'யீல்டு' போட்டுட்டா முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. சைகோபிஜி2-ல சாதாரண கர்சர் மொத்த முடிவையும் முதல்லயே மெமரிக்கு இழுத்துடும்; பெயர் வச்ச கர்சர்தான் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கும்.

நாலாவதா ஒண்ணு இருக்கு: முறிவு. பெரும்பாலும் நாம மறக்கிறது இதைத்தான். ஸ்ட்ரீம் தொடங்கும்போதே '200' போயிடுச்சு. பாதியில டேட்டாபேஸ் விழுந்தா அதை '500' ஆக்க முடியாது. சிஎஸ்விக்கு 'இத்தோட முடிஞ்சது'ன்னு சொல்ற அடையாளமும் கிடையாது. பாதி ஃபைல் எக்செல்ல சமத்தா திறக்கும்.

தேதி வாரியா அடுக்கின ஒரு வருஷ ஃபைல் செப்டம்பரோட அறுந்துபோச்சுன்னு நினைச்சுப் பாருங்க. இந்தக் கரிசல் மானாவாரி நம்பியிருக்கிறதே அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்ற வடகிழக்குப் பருவமழையைத்தான். மழை பெய்த வருஷம் உங்க கிராஃப்ல வறட்சி வருஷமாயிடும். அதை வச்சு ஒருத்தர் பயிர்க் கணக்கு போட்டா?

'எர்ரரை பிளக்இன் எழுதுறவங்க பார்த்துக்கட்டும்'னு விடுறது சரியில்லை. மையக் கருவிதான் பொறுப்பு. எல்லா ரோவும் வந்தா மட்டும் 'முடிவு'. இல்லைன்னா கனெக்‌ஷனை நாகரிகமா மூடாம அறுத்துவிடணும். அப்பத்தான் டவுன்லோட் தோத்ததுன்னு பிரவுசருக்குத் தெரியும்.

அடுத்த ரிவ்யூவுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யுங்க. எக்ஸ்போர்ட் ஓடும்போதே டேட்டாபேஸை நிறுத்துங்க. உங்க ஃபைல் உண்மை சொல்லுதான்னு பாருங்க.