கோட்டையும் கல்லறையும்



விசுவாசிகள் குடும்பமாய் உல்லாசப் பயணம் செல்லுவதை ஒரு காலத்தில் நான் பிரசங்க பீடத்திலிருந்தே கண்டித்ததுண்டு. ஊழியத்தினின்று திரும்பிய சீஷர்களைத் தனிமையான இடத்தில் சற்றே இளைப்பாறும்படி ஆண்டவரே அழைத்ததை மாற்கு 6:31-இல் பலமுறை வாசித்திருந்தும், அதை என் சபையாருக்குப் பொருத்திப் பார்க்கத் தவறினேன். சென்ற கோடை விடுமுறையில் பன்னிரண்டு குடும்பங்களாக, மைசூருவிலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்ரீரங்கப்பட்டணம் சென்றோம். (சனிக்கிழமைதான், ஞாயிறு ஆராதனையை விட்டுவிட்டு அல்ல!)

காவிரி இரண்டாகப் பிரிந்து சூழ்ந்துகொள்ளும் தீவு அது. 1784-இல் திப்பு சுல்தான் எழுப்பிய தரியா தௌலத் என்னும் கோடை மாளிகை, தோட்டத்தின் நடுவே தேக்குமரத் தூண்களோடு நிற்கிறது. அதன் மேற்குச் சுவரில் 1780-இல் நடந்த பொள்ளிலூர்ப் போர் தீட்டப்பட்டுள்ளது. பொள்ளிலூர் நம் காஞ்சிபுரத்திற்கு அருகிலுள்ள ஊர் என்றவுடன் எங்கள் ஜனங்களுக்கு ஒரே உற்சாகம். தோற்ற கர்னல் பெய்லி பல்லக்கில் அமர்ந்திருக்கிறார். அவர் சிறைப்பட்டு இந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டு, 1782-இல் இங்கேயே மரித்தார்.

நண்பகல் உணவுக்குப்பின் ஆற்றோரத்திலுள்ள பழைய படைவீரர் கல்லறைத் தோட்டத்திற்குப் போனோம். அங்கே அடக்கம்பண்ணப்பட்டவர்களில் பலர் டி மியூரான் என்னும் சுவிஸ் படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள். 1781-இல் திரட்டப்பட்ட அப்படை டச்சுக்காரரிடம் கூலிக்குச் சேவித்து, 1795-இல் ஆங்கிலேயரிடம் மாறி, 1799 மே 4-இல் இக்கோட்டை விழுந்த முற்றுகையிலும் பங்குகொண்டது. போருக்குப் பின்னரும் இத்தீவின் காய்ச்சல் ஓயவில்லை. அதன் நிமித்தமே 1809-இல் ராணுவம் பெங்களூருக்கு மாற்றப்பட்டது. வீரர்களின் மனைவிமாரும் பிள்ளைகளும்கூட அங்கே உறங்குகிறார்கள்.

ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி, "பாஸ்டர் ஐயா, இவர்கள் இறந்தது ஊரிலிருந்த அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். கடிதம் போய்ச்சேர மாதக்கணக்காகும் என்று மாத்திரம் சொன்னேன். வேறு பதில் என்னிடம் இல்லை.

அவளுடைய தகப்பனார் எங்களை விட்டு விலகி, மதிலோரமாய் நின்றார். மைசூருவில் தச்சுவேலை செய்யும் சகோதரர். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர். பங்கு நிலத்தைக் குறித்து அண்ணனோடு உண்டான வழக்கினால் ஆறு வருஷமாய் ஊருக்குப் போகவில்லை. தாயார் அண்ணன் வீட்டில் இருக்கிறார்கள். இதற்காக நான் அவரோடு எத்தனையோ முறை ஜெபித்திருக்கிறேன்; ஆலோசனையும் சொல்லியிருக்கிறேன். ஒன்றும் பலிக்கவில்லை.

மாலையில் கிருஷ்ணராஜசாகர் அணைக்குச் சென்று பிருந்தாவனத் தோட்டத்தைக் கண்டோம். 1911-இல் தொடங்கிய அணை அது. சிமெண்டுக்குப் பதிலாகச் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டப்பட்டது. இங்கே திறக்கப்படும் நீர்தான் மேட்டூரை அடைகிறது என்று வாலிபர்களுக்கு விளக்கினேன். நீரூற்றுகளில் விளக்கேற்றியதும் பிள்ளைகள் ஆர்ப்பரித்தார்கள்.

பேருந்தில் திரும்புகையில் அந்தச் சகோதரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் பேசவில்லை. பட்டணத்து விளக்குகள் தெரியத் தொடங்கியபோது, "பாஸ்டர், தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் மூன்று பேருக்கு இப்போது டிக்கெட் கிடைக்குமா?" என்றார்.