கூடம் கோணல் இல்லை!



“ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்று பெரியவங்க சொல்வாங்க. ஆர்டுயினோ போர்டு விஷயத்தில் நாமும் அதையேதான் செய்கிறோம். எல்.இ.டி. நினைத்தபடி எரியவில்லை என்றால் உடனே “போர்டு போச்சு” என்று அலமாரியில் வைத்துவிடுகிறோம். அடுத்த குழுவுக்குப் போர்டு கிடைப்பதில்லை. இது சரியில்லை என்பது என் கருத்து.

ஓர் உதாரணம். எல்.இ.டி.யின் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, முழுசா வந்ததும் அப்படியே நிற்க வேண்டும். ஆனால் அது பட்டென்று அணைந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. பேயா பிடித்திருக்கிறது? இல்லை. மாறி என்பது எண்ணைப் போட்டு வைக்கும் டப்பா. ‘பைட்’ வகை டப்பாவில் 0 முதல் 255 வரைதான் கொள்ளும். 255-உடன் 1 கூட்டினால் அதில் 256 இருக்காது, 0 ஆகிவிடும். வண்டி மீட்டரில் 99999-க்கு அப்புறம் 00000 வருகிற மாதிரிதான். 255 வந்ததும் கூட்டுவதை நிறுத்தச் சொன்னால் போதும்.

இன்னொன்று. பட்டனை எத்தனை முறை அழுத்தினோம் என்று எண்ணும் மாறி 1-ஐத் தாண்டவே மாட்டேங்குது. காரணம், அதை 0 ஆக்கும் வரி லூப்புக்குள் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் எண்ணியது அழிந்துபோகிறது. அந்த வரி லூப்புக்கு வெளியே, மேலே இருக்க வேண்டும். அதேபோல ‘இஃப்’ வரியில் இரண்டு சமக்குறிக்குப் பதில் ஒன்று போட்டால் அது ஒப்பிட்டுப் பார்க்காது, மாறியின் மதிப்பையே மாற்றிவிடும்.

இதில் எதிலும் போர்டின் மேல் குற்றமில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தது. அதனால் விளக்கைப் பார்த்து ஊகிப்பதை விட, மாறியின் மதிப்பை சீரியல் மானிட்டரில் வரவழைத்துப் பாருங்கள். 253, 254, 255, 0 என்று ஓடும்போது காரணம் நம் கண் முன்னாலேயே நிற்கும்.

“போர்டு நிஜமாவே கெட்டுப்போகாதா?” என்று கேட்பீங்க. கெடும். அதற்கும் சோதனை இருக்கு. ஊனோ போர்டிலேயே 13-ஆம் பின்னோடு ஒரு குட்டி எல்.இ.டி. இருக்கும். அதைச் சிமிட்ட வைக்கும் ‘பிளிங்க்’ நிரலை ஏற்றுங்கள். சிமிட்டினால் போர்டுக்கு உயிர் இருக்கு என்று அர்த்தம். அப்புறம் பார்க்க வேண்டியது நம் நிரலையும் ஒயரையும்தான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘ரிப்பேர்’ சீட்டு ஒட்டும் முன், மாறியின் மதிப்பை நோட்டில் எழுதிக் காட்ட வேண்டும் என்று விதி வையுங்கள். பாதிப் போர்டுகளாவது அலமாரியை விட்டு வெளியே வரும். தம்பி தங்கைகளுக்கும் முறை கிடைக்கும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி