அந்த ஃபைலை வெட்டாதீங்க

எங்க டிராமா டீம் குரூப்பில் போன மாதம் ஒரு சண்டை. 'ஐ ஆம் மை ஓன் வைஃப்' நாடகத்திலிருந்து இருபது நிமிஷம் தமிழில் பண்ணலாம்னு நான்தான் ஆரம்பிச்சேன். (அனுமதி வாங்குறது தனிக் கதை, அதை விடுங்க.) ஸ்கிரிப்ட் படிச்ச ஜூனியர் ஒருத்தன் கேட்டான்: "அண்ணா, அந்த ஃபைல் மேட்டரை மட்டும் கட் பண்ணிடலாமா?"

நாடகம் சார்லோட் ஃபான் மால்ஸ்டார்ஃப் பற்றியது. 1928-ல் பெர்லினில் பிறந்தப்போ வீட்டில் வச்ச பேரு லோத்தார். வளர்ந்த பிறகு பெண்ணாகவே வாழ்ந்தார். கறுப்பு கவுன், கழுத்தில் முத்துமாலை, அவ்வளவுதான் அலங்காரம். சின்ன வயசில் நாஜி ஆட்சி, அப்புறம் கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிஸ்ட் ஆட்சி, ரெண்டையும் தாண்டி உயிரோட நின்னார். யாருக்கும் வேண்டாத பழைய பீரோ, கடிகாரம், கிராமஃபோன் எல்லாத்தையும் சேர்த்து 1960-ல் மியூசியமே திறந்துட்டார். பெர்லினில் இடிக்கப்படவிருந்த ஒரு பழைய மதுக்கடையின் சாமான்களைக் கொண்டுவந்து அதன் கீழ்த்தளத்தில் அப்படியே வச்சார். தன்பாலின ஈர்ப்பாளர்கள் பயமில்லாமல் கூடிப் பேச அந்த ஊரில் கிடைச்ச இடங்களில் அதுவும் ஒண்ணு. 1992-ல் ஜெர்மன் அரசு அவருக்கு விருது கொடுத்தது.

இதோட நிறுத்தினா கைதட்டல் நிச்சயம். ஆனா பெர்லின் சுவர் விழுந்த பிறகு, கிழக்கு ஜெர்மனி உளவுத்துறையான ஸ்டாசியின் ஆவணங்கள் வெளியே வந்தன. அதில் சார்லோட் பேரிலும் ஒரு ஃபைல். 1970-களில் அவர் அவங்களுக்குத் தகவல் சொல்பவராக இருந்திருக்கார். நாடகத்தில் அவரோட நண்பர் ஒருத்தர் ஜெயிலுக்குப் போறார். அதில் சார்லோட்டுக்கு எவ்வளவு பங்கு? அவர் சொல்றது ஒண்ணு, ஃபைல் சொல்றது இன்னொண்ணு.

நாடகம் எழுதின டக் ரைட் அமெரிக்கர். தனக்கு ஒரு ஹீரோ கிடைச்சாச்சுன்னு நம்பித்தான் பேட்டி எடுக்கப் போனார். ஃபைல் வந்ததும் எழுத முடியாமல் நின்னுட்டார். கடைசியில் தன்னையே ஒரு பாத்திரமாக மேடையில் ஏத்தினார். நம்பணும்னு ஆசைப்படுற, ஆனா நம்ப முடியாத ஒரு ஆளா. 2004-ல் நாடகத்துக்கு புலிட்சர் கிடைச்சது.

மேடையில் ஒரே ஒரு நடிகர். சார்லோட், எழுத்தாளர், ஸ்டாசி அதிகாரி, பத்திரிகைக்காரர்னு முப்பதுக்கு மேல பாத்திரங்கள், கிட்டத்தட்ட எல்லாமே அதே கறுப்பு கவுனில். அவரைச் சந்தேகப்படுற குரலும் அந்த உடைக்குள்ள இருந்துதான் வருது. படிக்கும்போதே எனக்கு வயித்தைக் கலக்கின இடம் அது.

ஜூனியர் கேட்டதில் நியாயம் இருக்கு. "ஏற்கெனவே திருநர்களை ஏமாத்துக்காரங்கன்னு பேசுற ஊருல, நாமளும் மேடை போட்டு அதையே காட்டணுமா?"ன்னான். எனக்கு ரெண்டு நாள் பதில் வரல. நம்ம கல்ச்சுரல்ஸில் ஒரு பையன் புடவை கட்டிட்டு வந்தாலே விசில். அதுக்குப் பரிகாரமா நாம செய்ற இன்னொரு வகை நாடகத்தில், அப்படிப்பட்டவர் கடைசி சீன் வரைக்கும் தெய்வம். ரெண்டுலயும் பொய் சொல்ல, பயப்பட, தப்பு பண்ண அவருக்கு இடமே கிடையாது. கட்டபொம்மனுக்குக் கோபம் வரலாம், கர்ணன் தப்பான பக்கம் நிக்கலாம். சார்லோட் மட்டும் சுத்தமா இருந்தாதான் மேடைன்னா, அது மரியாதை இல்ல, கண்டிஷன்.

இன்னொரு சண்டையும் ஓடுது: யார் நடிப்பது? பிராட்வேயில் நடிச்சு டோனி விருது வாங்கினவர் ஜெஃபர்சன் மேஸ், ஒரு ஆண். இன்னைக்கு ஒரு திருநர் கலைஞரைத் தேடாமலே அந்த கவுனை நான் மாட்டிக்கிறது சரியில்லன்னுதான் தோணுது. இதில் நான் தோத்தாலும் சந்தோஷம்தான்.

மொழிபெயர்ப்பில் ஒரு வசதி இருந்தது. ஆங்கிலத்தில் ஒவ்வொரு வரியிலும் 'ஹீ'யா 'ஷீ'யான்னு முடிவு பண்ணணும். தமிழில் 'அவர்'னு போட்டு நழுவிடலாம். முதலில் நிம்மதியா இருந்தது. அப்புறம் ஸ்டாசி அதிகாரி பேசுற இடம் வந்தப்போ அவனுக்கு 'அவர்' ஒட்டல. அவன் 'அவன்'னுதான் சொல்லுவான். அப்படியே எழுதினேன்.

இருபது நிமிஷத்துக்குள்ள அடங்கணும், அதனால எதையாவது வெட்டித்தான் ஆகணும். விருது வாங்குற சீனை எடுத்துட்டோம்.